பதினேழாம் நம்பர்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் விஜயராணிக்கு விடிந்தது. வாரம் பூராவும் நின்ற கால், படுத்த பிறகும் நிற்கிற மாதிரியே கடுத்தது. பல்லைத் தேய்த்து வரக்காப்பி போட்டு, கூடக் கடிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது முந்தின நாள் கம்பெனியில் கொடுத்த சாக்லேட் ஞாபகம் வந்தது. குழந்தைகளின் பனியனை மடித்துப் போடுகிற சின்ன பாலிபேக்கில் நாலு உருண்டை, தங்கக் காகிதம் சுற்றியிருந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டுக் கடித்தாள். மேல் ஓடு உடைந்து உள்ளேயிருந்து என்னமோ தண்ணியாக வழிந்தது. நாக்கு சுரீரென்றது. அது என்னவென்று நாக்கு யோசிப்பதற்குள் மூக்கு சொல்லிவிட்டது. பதினோரு வருஷம் புருஷன் பக்கத்தில் படுத்து மோந்த நாத்தம். அந்த மனுஷன் ஈரல் வெந்து போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகியும் மறக்காத நாத்தம்.

தொட்டியில் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். இரண்டாவது வாய்த் தண்ணீரைத் துப்பும்போதுதான் பகீரென்றது. இதே மாதிரி நாலு உருண்டை பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கிறது. அந்த பாலிபேக்கின் மேல் கறுப்பு மார்க்கரால் பதினேழு என்று எழுதிக் கொடுத்தது இவள் கைதான்.

இந்தப் பதினேழின் கதையைச் சொன்னால்தான் அவள் ஏன் கொப்பளிப்பதை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது புரியும். விஜயராணி சாத்தூர்ப் பக்கத்துக்காரி. மகன் முனீஸ் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். வேலை பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேஜை. அதில் தைத்து வந்த துணி மலையாகக் குவியும். ஒவ்வொன்றாக எடுத்து முன்னே, பின்னே, உள்ளே புரட்டி, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சுத்தமாக இருந்தால் தன் நம்பரைப் போட்டு முன்னே தள்ள வேண்டும். அவள் நம்பர் பதினேழு. அந்த நம்பர் போட்ட துணியில் பிறகு யாராவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் போச்சு. சூப்பர்வைசர் சசிகுமார் அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் விரித்துப் பிடித்து, "ஏனுங்க்கா, இது உங்க நம்பருதானுங்களா?" என்று கேட்பான். கோபமே இருக்காது. அத்தனை மரியாதையாகக் கேட்பான். அந்த மரியாதைக்கு ரெண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

பக்கத்து வீட்டில் மைமூனும் அவள் புருஷன் சிக்கந்தரும். போடிக்காரர்கள். மைமூன் அதே கம்பெனியில் பேக்கிங். சிக்கந்தர் டையிங் பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றுகிற வேலை, ஷிப்ட் முழுக்க ஆவியில் நிற்கிறவன். ஒரு காலத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு விஜயராணி காதில் துணியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். குடித்துவிட்டு வந்து அழுவான், அடிப்பான், திரும்ப அழுவான். ஒரு நாள் மைமூனின் அம்மா போடியிலிருந்து வந்து, ஏழு வயசுப் பேத்தி சஃப்ரீனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முழுசாக ஒன்றரை வருஷம் அவன் குடியைத் தொடாமல் இருக்கட்டும், பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறேன், அதுவரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டரைக்கு அந்த அம்மா போன் பண்ணும். கேட்பது ஒரே கேள்விதான். மாப்பிள்ளை எப்படி இருக்காரு?

நல்லாத்தான் இருந்தான். பதினாறு மாசம். பள்ளிவாசல் ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்து அழுது, இனிமேல் தொட மாட்டேன் என்று தவ்பா செய்துவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டான். குடியை விட்டவனுக்கு வாய் சும்மா இருக்காது. இனிப்பு, இனிப்பு என்று பறக்கும். கேக்கு, பிஸ்கட், ஜெல்லி, பாக்கெட்டில் வருகிற அத்தனையும் மைமூன் வாங்கி வந்து கொட்டினாள். ஆனால் அவனோ ஹலாலா இல்லையா என்று தெரியாமல் ஒன்றையும் வாயில் வைக்க மாட்டான். பச்சைப் புள்ளி போட்டிருந்தால் கறி சமாச்சாரம் இல்லை, அதோடு பாதிக் கவலை விட்டது. மீதிப் பாதி, சாராயம் கலந்திருக்குமோ என்பது. அதற்கு அவன் உயிரை எடுத்தான். இந்த எசென்ஸில் என்ன இருக்கு, இந்த இருமல் மருந்தில் என்ன இருக்கு என்று மைமூனைக் குடைந்தான். சந்தேகம்னா வேணாம் என்பான். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரியும். அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆள் நிமிர்ந்து நிற்கிறான் என்பது மைமூனுக்குத் தெரியும். அதனால் அலுத்துக்கொண்டாலும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மைமூனுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிற இங்கிலீஷைப் படிக்க அவள் தேடிப் பிடித்த ஆள் விஜயராணி. பிளஸ் டூ படித்தவள், கண் வேறு கூர்மை. ஹஜ்ரத் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் கூடாத நம்பர்களெல்லாம் வரிசையாக இருக்கும். நூற்றிருபது பூச்சியிலிருந்து எடுக்கிற சாயம். நானூற்று நாற்பத்தொன்று எலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின். நானூற்று எழுபத்தொன்று செடியிலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம், கேட்டுப் பார்க்க வேண்டியது. அந்தத் தாளை விஜயராணி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். ஞாயிறு மதியம் மைமூன் கூடையோடு வந்து பாக்கெட்டுகளைக் கொட்டுவாள். இவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். சந்தேகமானதில் அம்புக்குறி ஸ்டிக்கர், சுத்தமானதில் பதினேழு. முதலில் விளையாட்டாகத்தான் போட்டாள். பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. சிக்கந்தர் எதை எடுத்தாலும் திருப்பிப் பார்த்து, பதினேழு இருக்கா என்று கேட்ட பிறகுதான் பிரிப்பான். அவன் தங்கச்சி ஊத்துக்குளியிலிருந்து வந்திருந்தபோது அவளும் பதினேழைத் தேடினாளாம். இதைக் கேட்டு விஜயராணிக்கு சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். கம்பெனியில் யாரும் அவள் நம்பரை நல்லதுக்குக் கூப்பிட்டதே கிடையாது.

அந்த நம்பருக்கு வந்த கேடு நேற்றுதான் வந்தது. பெருநாள் முடிந்து மூன்று வாரம். பெரிய ஷிப்மென்ட் ஒன்று தள்ளிக்கொண்டே போய் ஒரு வழியாகச் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பியது. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெள்ளைத் துணியாக ஓடியது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த சாக்லேட்டை முதலாளி பொங்கியண்ணன் ஆளுக்கு நாலு என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னார். பையை வாங்கிய உடனே மைமூன் சாக்லேட் வந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு செக்கிங் மேஜைக்கு ஓடி வந்தாள். அந்த மனுஷனுக்கு சாக்லேட் என்றால் உசிரு, கொஞ்சம் பாருக்கா என்றாள். விஜயராணி அட்டைப்பெட்டியை வாங்கிப் புரட்டினாள். பச்சைப் புள்ளி கிடையாது, வெளிநாட்டுச் சரக்கு. ஏழெட்டு பாஷையில் எழுதியிருந்தது. அதற்கெல்லாம் அவள் பயப்படுகிற ஆள் இல்லை. துணியில் தைக்கிற துவைக்கும் லேபிளில் இதே பாஷைகளில் பஞ்சு, பஞ்சு என்று வருஷக்கணக்காகப் பார்க்கிறவள். ஜெலட்டின் எந்த பாஷையிலும் ஜெலட்டின் மாதிரிதான் இருக்கும். தேடினாள், இல்லை. நம்பர்களைத் தேடினாள், அதுவும் இல்லை. எழுதினாள் பதினேழு. மைமூன் பையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

செக்கிங்கில் இப்படி ஒன்று உண்டு. இன்றைக்கு ஓட்டை கம்ப்ளெயின்ட் வந்திருக்கு, ஓட்டையை மட்டும் நல்லாப் பாருங்க என்று காலையில் சொல்லிவிட்டால், அன்று முழுக்கக் கண் ஓட்டையாகவே தேடும். நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை இருந்தாலும் கை அதைத் தாண்டித் தள்ளிவிடும். இப்போது தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அந்த அட்டைப்பெட்டி கண்ணுக்குள் எழுத்து எழுத்தாக விரிந்தது. சர்க்கரைக்கு அடுத்து அந்த வார்த்தை நின்றதே. மூன்றே எழுத்து. ஆர், யு, எம். அநேகமாக எல்லா பாஷையிலும் அதே மூன்று எழுத்து. கண் பார்த்திருக்கிறது. கண் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்தாள். ஜெராக்ஸ் தாளின் கடைசி வரி கதவின் இடுக்கில் மடங்கியிருந்தது. நகத்தால் நிமிர்த்தினாள். அதிலும் அந்த வார்த்தை இருந்தது. அடப் பாவி, என்ன காரியம் பண்ணிட்டே என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

இன்னும் தின்றிருக்க மாட்டான், ராத்திரி வேலைக்குப் போய்விட்டுக் காலையில்தானே வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். ஓடுவதற்கு அங்கே தூரம் கிடையாது, எட்டு எட்டு வைத்தால் அடுத்த கதவு. கதவு திறந்துதான் இருந்தது. மைமூன் கறிக்கடைக்குப் போயிருக்கிறாள், செருப்பைக் காணோம். உள்ளே சிக்கந்தர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே போகிற சட்டை போட்டிருந்தான். பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. முன்னால் காலி பாலிபேக். பக்கத்தில் நாலு தங்கக் காகிதத்தைச் சதுரமாக விரித்து வைத்து, நாலாவதின் சுருக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவிக்கொண்டிருந்தான். நாலும் சுருக்கமே இல்லாமல் பளபளவென்று கிடந்தன.

விஜயராணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். குடித்த கண் இல்லை. நாலு சாக்லேட்டில் யாருக்குப் போதை வரும்? ஆனால் அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் பார்த்த கண். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்றும் பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்.

"பதினேழு போட்டிருந்துச்சுக்கா" என்றான்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெலட்டினை மட்டும் தேடியது, கண் எரிந்தது, மூன்று எழுத்தைத் தாண்டிப் போனது எல்லாம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை தம்பி, தெரியாமல் தின்றதுக்குக் கணக்குக் கிடையாது, மைமூனிடம் நானே சொல்கிறேன், அவள் காலில் விழுந்தாவது சொல்கிறேன் என்று என்னவெல்லாமோ உளறினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் நாலு காகிதத்தில் ஒன்றை மட்டும் விரலால் அவள் பக்கம் தள்ளினான்.

"இது உங்க தப்புக்கா. மிச்சம் மூணும் என்னுது."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் உருண்டையைக் கடித்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, துப்பாமல், அடுத்ததை உரித்திருக்கிறான். அதை மெல்லாமல் நாக்கில் வைத்தே கரைத்தானாம். அவனே சொன்னான். யாரிடமோ விலாசம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். பிறகு எழுந்து சட்டை போட்டானாம். வண்டிச் சாவியை எடுத்தானாம். பிராந்திக் கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்று ஞாபகம் வந்து, அதுவரைக்கும் காகிதத்தை நீவலாம் என்று உட்கார்ந்தானாம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. டேபிள் மேல் அடுக்கியிருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளில் எல்லாம் பதினேழு, பதினேழு என்று அவள் கையெழுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு மனுஷனை வாசலோடு நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. கெஞ்சியிருக்கிறாள், சாவியை ஒளித்திருக்கிறாள், குறுக்கே படுத்திருக்கிறாள். அவள் புருஷன் தாண்டிப் போய்விடுவான். சிக்கந்தர் மடியிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் தரையில் தேய்த்துத் தள்ளினான். "மைமூன் வர்ற வரைக்கும் இந்த வாசல்லயே உக்காந்திருங்கக்கா. எந்திரிச்சுராதீங்க" என்றான். சாவி இல்லாவிட்டாலும் நடந்து போகிற தூரம்தான் கடை. அது ரெண்டு பேருக்கும் தெரியும். அவள் காலை நீட்டி அந்தப் பக்கத்து நிலையில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள்.

லைன் வீட்டு வாசலில் பீகார்ப் பையன்கள் துணி அலசிக்கொண்டு செல்போனில் பாட்டு வைத்திருந்தார்கள். எந்தக் கவலையும் இல்லாத பாட்டு. விஜயராணியின் நைட்டிப் பையில் ஸ்டிக்கர் ரோல் கிடந்தது. வேலை முடிந்து மறதியில் கையோடு வந்துவிடும், வீட்டில் எங்கே பார்த்தாலும் அது கிடக்கும். அதிலிருந்து ஒரு அம்புக்குறியை உரித்தாள். காலி பாலிபேக்கை இழுத்து வைத்து, பதினேழைக் காட்டுகிற மாதிரி அம்பின் முனையைப் பார்த்து ஒட்டினாள். செய்து முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. சிக்கந்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கையை நீட்டினான். ரோலைக் கொடுத்தாள். அவன் மூன்று அம்புகளை உரித்தான். சாயம் ஏறிப் போன தடித்த விரல்கள், உரிக்க வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது. மூன்று காகிதத்திலும் ஒவ்வொன்று ஒட்டினான்.

மைமூன் ஒரு கையில் கறிப் பையும் இன்னொரு கையில் பலசரக்குக் கூடையுமாக வந்தபோது விஜயராணி காலை மடக்கி வழி விட்டாள். என்னக்கா இங்க உக்காந்திருக்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் தரையைப் பார்த்தாள். அம்புக்குறி என்றால் என்னவென்று பேக்கிங்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குனிந்து பாலிபேக்கை மோந்து பார்த்தாள். அப்புறம் காகிதங்களைப் பார்த்தாள், அப்புறம் அவன் சட்டையைப் பார்த்தாள். விஜயராணி சொல்ல ஆரம்பித்ததைக் கையைக் காட்டி நிறுத்தினாள். முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று விஜயராணி காத்திருந்தாள். வந்தது அசதிதான். ஷிப்மென்ட் முடிந்து வண்டி கிளம்பின பிறகு ஒரு பெட்டி திரும்பி வந்தால் பேக்கிங்காரி முகத்தில் வருகிற அசதி.

"சட்டையக் கழட்டுங்க" என்றாள் மைமூன்.

அவன் கழற்றிக் கொடுத்தான். அதை வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கொடியில் கிடந்த வேலைச் சட்டையையும் எடுத்து அதிலேயே போட்டாள். பெட்டியைத் திறந்து மடித்து வைத்திருந்த மூன்று சட்டை, கம்பெனி பனியன் நாலு, பெருநாளைக்கு எடுத்த புதுச் சட்டை, ஒன்று விடாமல் வாளியில் அமுக்கினாள். வெளியே போட்டுப் போக ஒன்றும் மிச்சமில்லாமல் சுத்தமான துணியெல்லாம் முங்கியது. புதுச் சட்டை நீலச் சாயம் விட்டது. சிக்கந்தர் கைலியோடு வெறும் உடம்பாகச் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது, தாண்டியது. யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது.

விஜயராணி எழுந்துகொள்ளப் பார்த்தாள். இனிமேல் இந்த வீட்டு வாசலில் தனக்கு என்ன வேலை என்று தோன்றியது. மைமூன் கூடையை அப்படியே அவள் மடியில் கவிழ்த்தாள். ரஸ்க், கிரீம் பிஸ்கட், கேக்கு, ஒரு ஜெல்லி பாக்கெட். பாருக்கா என்றாள். இனிமே நான் நம்பர் போட மாட்டேன் மைமூனு, என் கண்ணை நம்பாதே என்றாள் விஜயராணி.

"நம்பரு வேணாம். முதல் எழுத்துலருந்து சத்தமாப் படி. நாங்க கேக்குறோம்."

விஜயராணி ரஸ்க் பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கோதுமை மாவு என்று ஆரம்பித்தாள். சர்க்கரை. பாமாயில். ஈஸ்ட். உப்பு. ஒரு வார்த்தை படித்து, அது போய்ச் சேரட்டும் என்று நிறுத்தி, அடுத்ததைப் படித்தாள். நம்பர் வந்தால் நம்பரைப் படித்தாள். முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. தயாரித்த தேதி, காலாவதி தேதி, ஃபேக்டரி விலாசம், பின்கோடு வரைக்கும் படித்தாள். சிக்கந்தர் கண்ணை மூடிக் கேட்டான். மைமூன் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கிரீம் பிஸ்கட் முடிந்தது. கேக்கு முடிந்தது. நாக்கு வறண்டது, நேற்று எரிந்த கண் இன்றும் எரிந்தது. ஆனாலும் ஒரு எழுத்தையும் தாண்டக்கூடாது என்று விரலை வைத்து வைத்துப் படித்தாள்.

பன்னிரண்டரைக்கு ஜன்னலில் இருந்த போன் அடித்தது. அம்மாவின் நம்பருக்கு வைத்திருந்த படத்தில் சஃப்ரீன் முன் பல் இல்லாமல் சிரித்தாள். சிக்கந்தர் கண்ணைத் திறந்து மைமூனைப் பார்த்தான். மைமூன் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். எழுந்து போய் போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் உள்ளங்கையில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது.

"நிறுத்தாதேக்கா" என்றாள். "படி."

விஜயராணி ஜெல்லி பாக்கெட்டைத் திருப்பி, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.